விளக்குமாறும் விக்ரமும்



இந்தப் பக்கத்தில் எழுதிப் பல வாரங்களாகிவிட்டன. பதிவேடுகள், மதிப்பீட்டுத் தாள்கள், பள்ளி வேலைகள் என்று காரணங்களுக்குப் பஞ்சமில்லை. இன்று எழுத வந்திருப்பது இலக்கணக் குறிப்பும் அன்று, பயிற்சித் தாளும் அன்று. 2019-ஆம் ஆண்டில் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் கேட்ட கேள்வியையும், அதற்கு நான் சொன்ன தவறான விடையையும் பற்றியது. அவன் பெயரை எழுதவில்லை. இப்போது வளர்ந்துவிட்டான், படித்தால் கூச்சப்படுவான்.

சிம்பாங் பூலாயில் வாழ்பவர்களுக்கு நம் ஊரின் காலைப்பொழுது தெரியும். ஒருபுறம் சுண்ணாம்புக்கல் மலைகள், கல்லுடைக்கும் இடத்திலிருந்து வரும் கனவுந்துகள். மறுபுறம் கேமரன் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் லாரிகள். அந்த மாணவனின் தந்தை அப்படிப்பட்ட காய்கறி லாரி ஒன்றை ஓட்டுபவர். அவர் வீட்டில் தங்கும் இரவுகள் குறைவு. பையன் பாட்டியிடம் வளர்ந்தான். வகுப்பில் அதிகம் பேசமாட்டான். பேசினால் அது கேள்வியாகத்தான் இருக்கும்.

2019 செப்டம்பர் 7, சனிக்கிழமை. இந்தியாவின் சந்திரயான் 2 அனுப்பிய விக்ரம் தரையிறங்கி நிலவில் இறங்கவேண்டிய நாள். நம் நாட்டு நேரப்படி விடியற்காலை நான்கரை மணிக்குச் சற்று முன்பு. வெள்ளிக்கிழமையே வகுப்பில் பெரிதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். இஸ்ரோவின் தலைவர் முனைவர் கை. சிவன் நாகர்கோவில் அருகே சரக்கல்விளையில் பிறந்தவர், அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர் என்றெல்லாம் உணர்ச்சிப் பெருக்குடன் பேசினேன். தமிழ்ப்பள்ளியில் படித்தால் முன்னேற முடியுமா என்று கேட்கும் பெற்றோர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அதனால் அத்தகைய செய்தி கிடைத்தால் விடமாட்டேன்.

அந்தப் பையன் பாட்டியை நான்கு மணிக்கு எழுப்பி, கைப்பேசியில் நேரலையைப் பார்த்திருக்கிறான். நிலவின் தரையிலிருந்து 2.1 கிலோமீட்டர் உயரம் வரை எல்லாம் திட்டப்படி நடந்ததாகவும், அதன்பின் தொடர்பு அறுந்துவிட்டதாகவும் சிவன் அறிவித்ததையும் பார்த்திருக்கிறான்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் நோட்டுப் புத்தகத்துடன் என் மேசைக்கு வந்தான். கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரையில் தெரிந்த வளைகோட்டை அப்படியே வரைந்திருந்தான். தரையிறங்கி செல்லவேண்டிய பாதை ஒரு கோடு. அது உண்மையில் சென்றதைக் காட்டும் புள்ளி கடைசியில் கோட்டை விட்டு விலகுகிறது.

"டீச்சர், புள்ளி கோட்ட விட்டு வெலகுனது அதுக்குத் தெரிஞ்சிருக்கும்தானே? தெரிஞ்சும் ஏன் திரும்பி வரல?"

இந்தக் கேள்வியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். பதினொரு வயதுப் பிள்ளை கேட்டது. அப்போது எனக்கு அதன் ஆழம் விளங்கவில்லை. பாடத்தை முடிக்கவேண்டிய அவசரம் வேறு. "அதிர்ஷ்டம் இல்லை அய்யா. தோல்விதான் வெற்றிக்கு முதல்படி. அதையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதி வா" என்றேன். மறுநாள் எழுதி வந்தான். பிழையில்லாத கட்டுரை. நட்சத்திரம் போட்டுக் கொடுத்தேன். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவன் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கக்கூட இல்லை. ஆண்டிறுதியில் அவன் பாட்டி வந்து, "டீச்சரம்மா, பேரன் முன்ன மாதிரி நைநைன்னு கேக்கறதில்ல, பெரியவனாயிட்டான்" என்று மகிழ்ச்சியாகச் சொன்னபோதுதான் உறைத்தது.

நாம் இப்படித்தான் செய்கிறோம். அப்துல் கலாம் ஐயாவின் கதையை நம் பள்ளிகளின் சபைகூடலில் எத்தனை முறை சொல்லியிருப்போம்! 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் எஸ்.எல்.வி. 3 ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. அன்று தலைவராக இருந்த சதீஷ் தவான் செய்தியாளர்களுக்கு முன்னால் தாமே பொறுப்பேற்றார். 1980 ஜூலை 18-இல் அது வெற்றி பெற்றபோது கலாமைப் பேசச் சொன்னார். அருமையான நிகழ்ச்சி. நன்னெறிக்கல்விக்குப் பொருத்தமானது. ஆனால் ராக்கெட் ஏன் விழுந்தது என்று நம்மில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறோமா? இரண்டாம் கட்டத்தின் திசையைத் திருத்தும் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடாமல் போனது. திருத்தத்திற்காக வைத்திருந்த அமிலம் கசிந்து தீர்ந்தது. அதன்பின் தன் திசை கோணலாகிறது என்று தெரிந்தாலும் ராக்கெட்டுக்குத் திருத்தக் கை இல்லை. என் மாணவன் கேட்ட அதே கேள்விக்கான விடை நாற்பது ஆண்டுகளாக நம் கையிலேயே இருந்தது. நாம் பண்பை மட்டும் எடுத்துக்கொண்டு காரணத்தை விட்டுவிட்டோம்.

நான் அறிவியல் பட்டதாரி அல்லள். ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழை முதன்மைப் பாடமாகப் படித்தவள். ஆள் பற்றாக்குறையால் அறிவியலும் எடுப்பவள். எனவே கீழே எழுதுவது ஓர் அறிவியலாளரின் விளக்கமன்று. தெரியாமல் சொன்ன விடையைத் திருத்திக்கொள்ளப் படித்தவளின் விளக்கம். கற்றறிந்தோர் பொறுத்தருள்க.

முதலில் வீட்டிலுள்ள விளக்குமாற்றை எடுங்கள். அதன் கம்பைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்திப் பாருங்கள். சிறுவயதில் நாம் அனைவரும் விளையாடியதுதான். இங்கே நமக்கு வேண்டியவை இரண்டு: கம்பு சாயாமல் நிற்கவேண்டும், நம் கையும் ஓரிடத்தில் இருக்கவேண்டும். ஆனால் நம்மால் செய்யக்கூடியது ஒன்றே ஒன்று, கையை நகர்த்துவது. கம்பின் நுனியைப் பிடித்துத் திருப்ப நமக்கு இன்னொரு கை இல்லை. செய்யவேண்டியவை அதிகம், செய்வதற்கான கருவிகள் குறைவு. கட்டுப்பாட்டியல் பொறியாளர்கள் இத்தகைய அமைப்புகளைத் தனி வகையாகவே வைத்து ஆராய்கிறார்கள். தலைகீழ் ஊசல் என்பது அவர்களுக்கு அரிச்சுவடி.

கம்பை வலப்பக்கம் கொண்டுபோகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கையை நேரே வலப்பக்கம் நகர்த்தினால் கம்பு இடப்பக்கம் விழும். முதலில் கையைச் சற்று இடப்பக்கம் நகர்த்தி, கம்பை வலப்பக்கம் சாயவிட்டு, அந்தச் சாய்வைத் துரத்திக்கொண்டு வலப்பக்கம் போகவேண்டும். வலம் போக, முதலில் இடம்! மிதிவண்டி ஓட்டுபவரும் வளைவில் இதையேதான் தம்மை அறியாமல் செய்கிறார்.

அடுத்து, கம்பு எவ்வளவு சாய்ந்தாலும் காப்பாற்றிவிட முடியுமா? முடியாது. கையின் வேகமாற்றத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. நம் கையால் தரக்கூடிய முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டால், கம்பு 26 பாகைக்குச் சற்று மேல் சாய்ந்துவிட்டால் போதும். அதன்பின் கையை எவ்வளவு விரைவாக நகர்த்தினாலும் அது விழுந்தே தீரும். கம்பு விழும் வேகத்தில் ஏற்கெனவே இருந்தால் அந்த எல்லை இன்னும் சுருங்கும். எல்லைக்கு உள்ளே நிற்பவனுக்குத் திறமை உதவும். எல்லையைத் தாண்டியவனுக்குத் திறமையும் உதவாது, விடாமுயற்சியும் உதவாது. நன்னெறிப் பாடத்தில் இதை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இந்த இடத்தில் விக்ரமுக்கு வருவோம். 2019 நவம்பரில் இந்திய நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட எழுத்துப்பூர்வமான விடையில், இறக்கத்தின் இரண்டாம் கட்டத்தில் வேகம் திட்டமிட்டதைவிட அதிகமாகக் குறைந்துவிட்டது என்றும், அதனால் அடுத்த கட்டம் தொடங்கியபோது இருந்த நிலைமை வடிவமைப்பின் எல்லைக்கு வெளியே போய்விட்டது என்றும் கூறப்பட்டிருந்தது. வேகம் அதிகமாகக் குறைந்தால் நல்லதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன். பிறகுதான் 'எல்லைக்கு வெளியே' என்ற சொற்கள் கண்ணில் பட்டன. விளக்குமாற்றின் 26 பாகை!

2023 ஜூலையில், அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த எஸ். சோமநாத் இன்னும் விரிவாக விளக்கினார். வேகத்தைக் குறைக்க இருந்த ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின. அதனால் சிறு சிறு பிழைகள் தோன்றின. நிலவின் தரையைப் படமெடுப்பதற்காக, குறிப்பிட்ட நேரம் அசையாமல் ஒரே நிலையில் பறக்கவேண்டியிருந்ததால் அந்தப் பிழைகளை உடனே திருத்த இயலவில்லை. அவை சேர்ந்துகொண்டே போயின. பிறகு ஒட்டுமொத்தமாகத் திருத்த முற்பட்டபோது, தரையிறங்கி மிக வேகமாகத் திரும்பவேண்டியிருந்தது. ஆனால் இவ்வளவு வேகமாகத் திரும்பவேண்டி வரும் என்று யாரும் எண்ணாததால், திரும்பும் வேகத்திற்கு மென்பொருளில் ஒரு வரம்பு வைக்கப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு, இறங்கவேண்டிய இடம் 500 மீட்டருக்கு 500 மீட்டர் என்ற சின்னஞ்சிறு சதுரம். தரை நெருங்குகிறது, வேகத்தைக் குறைக்கவேண்டும். அதே நேரத்தில் அந்தச் சதுரத்தை எட்டுவதற்காக முன்னோக்கியும் போகவேண்டும். இரண்டு கட்டளைகள், ஓர் உடல்.

ஆக, என் மாணவனின் கேள்விக்கு விடை இது: அதற்குத் தெரிந்திருந்தது. திரும்பவும் முயன்றது. அனுமதிக்கப்பட்ட வேகத்தில் திரும்பினால் போதாத இடத்திற்கு அது முன்பே போய்விட்டது. அதிர்ஷ்டத்திற்கு இதில் வேலையே இல்லை.

தரையிறங்கியின் கைகள் எவ்வளவு குறைவு என்பதற்கும் ஒரு கணக்குச் சொல்கிறேன். ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளே போட்டுவிடலாம். சந்திரயான் 3-இன் தரையிறங்கி, உலாவியையும் எரிபொருளையும் சேர்த்துப் புறப்படும்போது 1752 கிலோகிராம். நிலவின் ஈர்ப்பு முடுக்கம் 1.62. பெருக்கினால் நிலவில் அதன் எடை ஏறத்தாழ 2840 நியூட்டன். அதைத் தாங்க இருப்பவை, ஒவ்வொன்றும் 800 நியூட்டன் தரும் நான்கு இயந்திரங்கள். மொத்தம் 3200. முழு எரிபொருளுடன் இருந்தால், நான்கும் முழு மூச்சுடன் எரிந்தாலும் மிச்சம் 360 நியூட்டன்தான். எரிபொருள் எரிய எரியத்தான் எடை குறைந்து மூச்சுவிட இடம் கிடைக்கும்.

அந்த இயந்திரங்களும் கீழ்நோக்கியே எரிபவை. பக்கவாட்டில் தள்ளப் பெரிய இயந்திரம் கிடையாது. பக்கத்தில் போகவேண்டுமென்றால் உடலையே சாய்க்கவேண்டும். சாய்த்தால் தூக்கும் விசை குறையும். எவ்வளவு குறையும்? இங்கேதான் நாம் கற்பிக்கும் விகிதக் கணக்கு கைவிட்டுவிடுகிறது. 10 பாகை சாய்ந்தால் தூக்கும் விசையில் நூற்றுக்கு ஒன்றரைதான் இழப்பு. 20 பாகை சாய்ந்தால் இழப்பு மூன்று இல்லை, ஆறு. 60 பாகையில் பாதியே போய்விடுகிறது. இரண்டு மடங்குக்கு இரண்டு மடங்கு என்ற நேர்விகிதத்திற்கு அடங்காத அமைப்புகள் இவை. சாய்வு சிறிதாக இருக்கும்வரை நேர்விகிதம்போல நடித்துக்கொண்டிருக்கும்; பெரிதானதும் சுயரூபத்தைக் காட்டும்.

இத்தகைய அமைப்பு நிலைக்கு வருமா வராதா என்று, ஒவ்வொரு பாதையையும் கணக்கிட்டுப் பார்க்காமலேயே எப்படிச் சொல்வது? 1892-இல் லியாப்புனோவ் என்ற ரஷ்யக் கணித அறிஞர் தம் ஆய்வேட்டில் ஒரு வழி சொன்னார். ஒரு கிண்ணத்தில் கோலிக்குண்டை உருட்டிவிடுங்கள். அது எந்தப் பாதையில் சுற்றும் என்று சொல்வது கடினம். ஆனால் அதன் ஆற்றல் உராய்வினால் குறைந்துகொண்டே போகும், கூடாது; ஆகவே அடியில் வந்து நிற்கும் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். எந்த அமைப்புக்கும் அப்படிக் குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். கட்டுப்படுத்தியை வடிவமைப்பவர் செய்வது, இயல்பில் கிண்ணமாக இல்லாததைக் கிண்ணமாக்குவது. கருவிகளுக்கு வரம்பு இருப்பதால் அந்தக் கிண்ணத்திற்கும் விளிம்பு உண்டு. விளிம்புக்கு உள்ளே விழுந்த குண்டு அடிக்கு வரும். வெளியே விழுந்தது உருண்டு போய்விடும். 2019-இல் விக்ரம் விழுந்தது விளிம்புக்கு வெளியே.

சந்திரயான் 3-இல் அவர்கள் செய்த மாற்றங்கள் பெரும்பாலும் அந்த விளிம்பை விரிப்பதற்கானவை. இறங்குமிடம் 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று அகன்றது. திரும்பும் வேகத்தின் வரம்பு நொடிக்கு 10 பாகையிலிருந்து 25 பாகையாக உயர்ந்தது. கால்கள் நொடிக்கு 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் வேகத்தில் மோதினாலும் தாங்கும்படி வலுப்பெற்றன. கூடுதல் எரிபொருள், வேகத்தை அளக்கப் புதிய லேசர் கருவி. நடுவிலிருந்த ஐந்தாவது இயந்திரம் நீக்கப்பட்டது. எது சரியாக நடக்கும் என்று எண்ணி வடிவமைப்பதை விட்டு, எதெல்லாம் தவறிப்போகலாம் என்று பட்டியலிட்டு வடிவமைத்ததாகச் சோமநாத் கூறினார். திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இரயில்வே ஊழியரின் மகன். (மறுபடியும் தமிழர் பெருமையா என்று கேட்காதீர்கள். சொல்லாமல் இருக்க முடியவில்லை.)

2023 ஆகஸ்டு 23, புதன்கிழமை. நம் நேரப்படி இரவு எட்டரை மணிக்கு இறங்கும் என்றார்கள். அன்று மாலை அந்தப் பாட்டிக்கு அழைத்து, பேரனுடன் வீட்டிற்கு வருமாறு கேட்டுக்கொண்டேன். அவன் அப்போது மூன்றாம் படிவம். என்னைவிட உயரமாகிவிட்டிருந்தான். சோபாவின் ஓரத்தில் அமர்ந்து, கொடுத்த தேநீரைத் தொடாமல் திரையையே பார்த்தான். மீண்டும் அதே வளைகோடு. 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகம். அறையில் யாரும் பேசவில்லை. 7.4 கிலோமீட்டர். பாட்டி கந்தர் சஷ்டி கவசத்தை முணுமுணுக்கத் தொடங்கினார். 150 மீட்டரில் அந்தரத்தில் நின்று தரையில் பள்ளம் உண்டா என்று பார்த்தது. புள்ளி கோட்டின்மேலேயே இருந்தது. 8.34-க்கு இறங்கியது. கைதட்டினோம். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவன் மட்டும் சிரித்துக்கொண்டு, குளிர்ந்துபோன தேநீரைக் குடித்தான்.

அப்போதுதான் சொன்னேன். "அய்யா, நீ ஐந்தாம் ஆண்டில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். நான் தவறான விடை சொன்னேன். அதிர்ஷ்டம் என்று சொன்னேன். அது அதிர்ஷ்டமன்று."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "தெரியும் டீச்சர்."

"அப்போதே தெரியுமா?"

"அப்ப தெரியாது. ஆனா அது விடை இல்லன்னு தெரியும்." கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் கட்டுரைக்கு நட்சத்திரம் போட்டீங்க. எனக்கு அது வேணாம்னு இருந்துச்சு" என்றான்.

பாட்டி அவனை அதட்டினார். நான்தான் தடுத்தேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நட்சத்திரம் போட்ட கை. என்ன சொல்வதென்று தெரியாமல், விளக்குமாற்றை எடுத்துவந்து, எழுத்துத் தாளில் கிறுக்கி வைத்திருந்த 26 பாகைக் கணக்கைக் காட்டினேன். கூர்ந்து பார்த்தான். பிறகு மிகச் சாதாரணமாகச் சொன்னான்:

"அப்பா லாரி மாதிரி டீச்சர். கேமரன்லேர்ந்து எறங்கறப்ப மேலயே கியரக் கொறச்சிருவாரு. பாதி எறக்கத்துல வேகம் ஏறிடுச்சுன்னா பிரேக்க மிதிச்சுக்கிட்டே வரணும். சூடாயிட்டா அப்புறம் எவ்ளோ மிதிச்சாலும் பிடிக்காது. கீழ வந்து யோசிக்கக் கூடாதுன்னு சொல்வாரு."

நான் வாயடைத்துப்போனேன். கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் அந்தச் சாலையில் எத்தனை முறை போய்வந்திருக்கிறேன்! பிரேக் என்பது வரம்புள்ள கருவி. அதிலும், பயன்படுத்தப் பயன்படுத்த வெப்பமேறி, அந்த வரம்பும் குறையும் கருவி. ஆகவே திருத்தத்தைப் பிழை சிறிதாக இருக்கும்போதே, கருவியின் வலு மிச்சமிருக்கும்போதே செய்யவேண்டும். நான் மாதக்கணக்கில் படித்துத் தெரிந்துகொண்டதை லாரி ஓட்டுநர் ஒருவர் தம் மகனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருக்கிறார். 2019-இலேயே நான் "உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேட்டிருந்தால், அவனே விடைக்குப் பாதி வழி வந்திருப்பான்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. அம்மாவின் நினைவு வந்தது. எங்கள் தோட்டத்தில் அம்மா பால்மரம் வெட்டியவர். காண்டாக் கம்பின் இருபுறமும் பால்வாளிகளைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் ஸ்டோர்வரை சிந்தாமல் கொண்டுவருவார். நான் தண்ணீர் வாளியைத் தூக்கினால் பாதி என் காலில். வாளியை நாம் பிடிக்கலாம். உள்ளே ஆடும் பாலைப் பிடிக்க முடியாது. இதுவும் கை குறைந்த அமைப்புதான். ஒரு சாணுக்குச் சற்று அதிக அகலமுள்ள வாளியில் நீர் நொடிக்கு இரண்டு முறைக்குச் சற்றுக் குறைவாக ஆடும். நாம் இயல்பாக நடக்கும்போது வைக்கும் அடிகளும் ஏறத்தாழ அதே கணக்கு. இரண்டும் ஒத்துப்போனால் ஒவ்வோர் அடியும் ஆட்டத்தைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். அம்மா முழங்காலை மடக்கி, சிறு சிறு அடியாக, விரைந்து நடப்பார். தோட்டத்து நடை என்று பள்ளியில் எங்களைக் கேலி செய்வார்கள். அது வாளியின் ஆட்டத்தோடு ஒத்துப்போகாத நடை என்று இப்போது தெரிகிறது. ராக்கெட்டுகளின் எரிபொருள் தொட்டிக்குள் இதே ஆட்டத்தை அடக்கத் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். குழாயிலிருந்து தண்ணீர் கொண்டுவரும்போது அம்மா வாளியில் இரண்டு மாவிலைகளை மிதக்கவிடச் சொல்வார். நான் அதைச் சாத்திரம் என்று நினைத்திருந்தேன்.

சரி, வகுப்பறைக்கு வருவோம். ஆசிரியர்களாகிய உங்களுக்கு ஒரு சோதனையைச் சொல்லி முடிக்கிறேன். செலவில்லாதது. ஒரு மீட்டர் நீளக் கம்பு ஒன்று, பதினைந்து சென்டிமீட்டர் பென்சில் ஒன்று. இரண்டையும் உள்ளங்கையில் நிறுத்தச் சொல்லுங்கள். கம்பு நிற்கும், பென்சில் யாருக்கும் நிற்காது. பென்சில்தான் இலேசாயிற்றே, ஏன் நிற்கவில்லை என்று கேளுங்கள். உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், தயவுசெய்து. கம்பின் சிறு சாய்வு இரண்டரை மடங்குக்கு மேல் வளர ஏறத்தாழ கால் நொடி ஆகும். பென்சிலுக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். நம் கண் பார்த்துக் கை அசைவதற்கோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நொடி தேவை. கம்பில் நாம் முந்துகிறோம். பென்சிலில் செய்தி வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

சென்ற மாதம் அந்தப் பையனையே எங்கள் நான்காம் ஆண்டு வகுப்பிற்கு அழைத்திருந்தேன். கூச்சத்துடன் வந்தான். கம்பை நிறுத்திக் காட்டினான். பிள்ளைகள் வரிசையில் நின்று முயன்றார்கள். பென்சில்கள் மேசைக்கடியில் உருண்டன. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நுனியைப் பார்த்தால் நிற்கிறது, கையைப் பார்த்தால் உடனே விழுகிறது என்பதை ஒரு சிறுமி தானே கண்டுபிடித்தாள். எனக்கு அது அதுவரை தெரியாது. வேறு ஒருத்தி கையுயர்த்தி, "டீச்சர், கண்ண மூடிக்கிட்டா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்தான். மூடிக்கொண்டேன். அவன் கம்பை அந்தச் சிறுமியிடம் நீட்டி, "மூடிக்கிட்டுப் பாரேன்" என்றான்.